பெரிய கோயில் விமானத்தின் நிழலில் நின்றுகொண்டே "நிழல் விழாது" என்று கேட்டவர்கள்

வெண்ணாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)
ஏப்ரல் 27, இரவு 9.40

சென்னையிலிருந்து வந்திருந்த அண்ணன் பிள்ளைகளை நேற்று தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தேன். காலை பத்து மணிதான். சித்திரை வெயிலில் கல்தளம் அதற்குள் கொதிக்கத் தொடங்கிவிட்டது. வெறுங்காலோடு ஓட்டமும் நடையுமாக விமானத்துக்குப் பின்னே, மேற்குப் பக்கம் போய் நின்றோம். அங்கேதான் நிழல் இருந்தது. எங்களுக்கு முன்பே ஒரு சுற்றுலாக் குழு, முப்பது பேர் இருக்கும், அங்கே ஒதுங்கியிருந்தது. அவர்களுடைய வழிகாட்டி மேலே கையை நீட்டிச் சொன்னார்: "இந்த விமானத்தின் நிழல் எந்த நாளிலும் எந்த நேரத்திலும் தரையில் விழாது." முப்பது பேரும் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார்கள். முப்பது பேரும் நின்றிருந்தது அந்த விமானத்தின் நிழலில்.

அண்ணன் மகள் ஆறாம் வகுப்பு முடித்திருக்கிறாள். என் புடவையைப் பிடித்து இழுத்து, "அத்தை, அப்படியானால் நாம் நிற்பது எதனுடைய நிழல்?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் இந்த ஊரில் 14 ஆண்டுகளாகக் கணித ஆசிரியை. கம்பத்தின் உயரத்தை அதன் நிழலை வைத்துக் கண்டுபிடிக்கும் கணக்கை ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறேன். அதே வகுப்பில், ஒவ்வோர் ஆண்டும், "நம் ஊர் விமானத்தின் நிழல் தரையில் விழாது, அது சோழர்களின் கணிதத் திறமை" என்றும் சொல்லியிருக்கிறேன். கோயிலுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்த நிழலில் உட்கார்ந்து புளியோதரையும் சாப்பிட்டிருக்கிறேன்.

நிழலைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எங்கள் பெரியப்பா அரசுப் பணியில் பெரிய பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காகிதத்தில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அவருடைய முதல் பதில்: "இப்போதெல்லாம் படத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றுகிறார்கள்." நானே எடுத்தது, பெரியப்பா என்றேன். "அது மதிலின் நிழலாக இருக்கும்." மதில் தொலைவில் இருக்கிறது என்றேன். "கலசத்தின் நிழல் விழாது என்பதுதான் அதன் பொருள், உனக்குப் புரியவில்லை."

இதே பெரியப்பா போன வாரம், வெறும் வயிற்றில் காப்பி குடிப்பது கெடுதல் என்று வந்த ஒரு செய்திக்கு, எந்த மருத்துவர் சொன்னார், எந்த ஆண்டு, எத்தனை பேரிடம் சோதித்தார்கள் என்று வரிசையாகக் கேள்வி கேட்டார். எல்லாம் நல்ல கேள்விகள். அவற்றில் ஒன்றைக்கூட அவர் நிழல் செய்தியிடம் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அவர் காப்பிப் பிரியர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு விளங்காதது இதுதான். நாம் ஏமாளிகள் இல்லை. சான்று கேட்கத் தெரிந்தவர்கள். அப்படியிருந்தும் சில செய்திகளுக்கு மட்டும் ஏன் கதவைத் திறந்து வைத்துவிடுகிறோம்? இதைப் பற்றிச் சிந்தித்தவர்கள் எழுதுங்கள்.

---

அளவுகோல்
ஏப்ரல் 27, இரவு 10.25

அம்மா, நில அளவையில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கணக்கைப் போட்டுவிடுவோம்.

விமானத்தின் உயரம் ஏறத்தாழ 200 அடி. அடித்தளத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 100 அடி. உச்சிக்கு நேர் கீழே உள்ள மையத்திலிருந்து விளிம்புக்கு 50 அடி. ஆக, உச்சியின் நிழல் 50 அடிக்கு மேல் நீண்டால் வெளியே தரையில் விழுந்தே தீரும். அதற்குச் சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து ஏறத்தாழ 14 பாகை சாய்ந்தால் போதும். நண்பகலுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் எந்த நாளை எடுத்தாலும் அதற்கு மேல் சாய்ந்துவிடும். நீங்கள் போன பத்து மணிக்கு உச்சி நிழல் அடித்தளத்தைத் தாண்டி மேற்கே நன்றாக நீண்டிருக்கும்.

மார்கழியில் போய்ப் பார்த்தால் நண்பகலிலேயே தெரியும். டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில் தஞ்சாவூரில் உச்சி வேளைச் சூரியன் தெற்கே 34 பாகை சாய்ந்திருக்கும். நிழல் 130 அடிக்கு மேல் நீண்டு வடக்கே, சண்டிகேசுவரர் சன்னதிப் பக்கம் விழும்.

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10.8 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சிக்கு வந்துவிடும். மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதி வரை, நண்பகலையொட்டிச் சிறிது நேரம், உச்சியின் நிழல் விமானத்தின் மேலேயே விழுந்து அடங்கிவிடும். அப்போதும் கீழ்ச்சுவரின் நிழல் சில அடிகளுக்குத் தரையில் இருக்கும், ஆனால் இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு அது கண்ணில் படாது. கோடை விடுமுறையில் மதியம் பன்னிரண்டேகாலுக்கு வந்து பார்த்த ஒருவர் "நிழலே இல்லை" என்று வியந்திருந்தால் அவர் பொய் சொல்லவில்லை. இந்த அட்சரேகையில் செங்குத்தாக உயரும் எந்தக் கூம்புக் கட்டடத்துக்கும் இது நடக்கும்.

ஒரு நாளின் ஒரு நேரத்தில் பார்த்தது, எந்த நாளிலும் எந்த நேரத்திலும் என்று வளர்ந்துவிட்டது. வளர்த்தது அவர் கண் இல்லை.

---

மூவேந்தவேளான்
ஏப்ரல் 28, காலை 6.50

கணக்கெல்லாம் சரி. ஆனால் இந்த இழையின் தொனி எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு தமிழன் தன் முன்னோரைப் பற்றிப் பெருமையாக ஒன்று சொன்னால் உடனே அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். மற்றவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதைகளுக்கு இவ்வளவு அக்கறை காட்டுவீர்களா?

கீழடியை நினைத்துப் பாருங்கள். தமிழகத்தில் சங்க காலத்தில் நகரமே இல்லை, எழுத்தறிவே இல்லை என்று எத்தனை காலம் எழுதினார்கள்! மண்ணைத் தோண்டிக் காட்டிய பிறகும் ஏற்க மனமில்லாமல் இழுத்தடிக்கிறார்கள். நம் பெருமையை மறுப்பவர்களைச் சந்தேகிக்க நமக்குக் காரணம் இருக்கிறது. நிழல் கதையையும் அப்படித்தான் பார்க்கிறேன். இன்று நிழல் விழுகிறது என்பீர்கள், நாளை ராஜராஜனே இல்லை என்பீர்கள்.

---

செங்காட்டான்
ஏப்ரல் 28, காலை 8.15

வெண்ணாற்றங்கரை அவர்களுக்கு நன்றி. இப்படி ஒருவர் துணிந்து சொல்ல வேண்டும். நிழல் மட்டுமில்லை, அந்தக் கோயிலைப் பற்றிச் சொல்லப்படும் எல்லாமே இட்டுக்கட்டியவை. 80 டன் எடையுள்ள ஒரே கல்லை உச்சியில் ஏற்றினார்கள் என்பது பொய். சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாய்தளம் போட்டு யானைகள் இழுத்தன என்பது பொய். உண்மை என்னவென்றால், ஆயிரக்கணக்கான அடிமைகளைச் சவுக்கால் அடித்து வேலை வாங்கிக் கட்டிய கோயில் அது. இது கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது. அதை மட்டும் யாரும் பேச மாட்டார்கள்.

---

படியெடுப்பவன்
ஏப்ரல் 28, மாலை 5.30

இளைஞர்கள் இருவருக்கும் ஒரு முதியவனின் வணக்கம். கல்வெட்டுகளை மை தடவிக் காகிதத்தில் படியெடுப்பவர்களோடு நாற்பது ஆண்டுகளாகச் சுற்றியவன் நான். அந்தக் கோயிலின் அடித்தளக் கற்களில் என் கை படாத வரி குறைவு.

செங்காட்டான் தம்பி, முதலில் உங்களிடம் வருகிறேன். சிகரம் ஒரே கல் இல்லை, பல கற்களை இணைத்து அமைத்தது என்பதை வரலாற்று ஆய்வாளர் குடவாயில் பாலசுப்ரமணியன் தெளிவாக எழுதியிருக்கிறார். அதில் நீங்கள் சரி. ஆனால் சவுக்கால் அடித்ததாகச் சொல்லும் கல்வெட்டு எது? எந்தச் சுவர், எந்தப் பக்கம்? நான் பார்த்ததில்லை. அங்கே இருப்பது வேறு. தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலின் ஆடல் மகளிர், 400 பேரின் பெயர்கள், எந்தத் தெருவில் எந்த வரிசையில் எத்தனையாவது வீடு என்பது வரை இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். கட்டிய தச்சனின் பெயர் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். நாவிதனுக்கு ராஜராஜப் பெருநாவிதன் என்று பட்டம். அந்தப் பெண்கள் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். அவர்கள் விரும்பி வந்தார்களா, மறுக்க முடிந்திருக்குமா என்று கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது. அதற்கு இல்லாத ஒரு கல்வெட்டைத் துணைக்கு அழைக்க வேண்டாம்.

மூவேந்தவேளான் தம்பி, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. கீழடியை நீங்களே சொன்னதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். கீழடி எதனால் நின்றது? 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு ஆய்வகத்துக்குப் போய், கி.மு. 580 என்று காலம் வந்ததால் நின்றது. எந்தக் குழி, எந்த அடுக்கு, எந்த ஆழம் என்று எழுதி வைத்ததால் நின்றது. அளவுகோலைத் தூக்கியதால்தான் அது நமக்குக் கிடைத்தது. நிழலுக்கு அந்த அளவுகோல் வேண்டாம் என்று நாமே சொல்லிவிட்டு, கீழடியை மறுப்பவரிடம் எந்த முகத்தோடு அதை நீட்டுவது?

இன்னொன்று சொல்கிறேன், எல்லோரும் கேளுங்கள். இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதே நெடுங்காலம் ஊருக்குத் தெரியாது. தலபுராணம் கரிகாலச் சோழன் தோல் நோய் தீரக் கட்டினான் என்றது, அதையே ஏற்றார்கள். 1886இல் சென்னை மாகாணத்தில் கல்வெட்டு ஆய்வாளராகப் பொறுப்பேற்ற ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் சுவரைப் படித்த பிறகுதான் ராஜராஜன் என்பது உறுதியானது. சுவரில் என்ன எழுதியிருந்தது? "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி", அதாவது நாம் கட்டுவித்த கற்கோயில், என்று மன்னனே பேசுகிறான். "நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டுக என்று ஆணையிடுகிறான். மனிதர் இடுப்பு உயரத்தில், கோயிலைச் சுற்றி வருகிறவர் எவரும் தொட்டுப் பார்க்கும் இடத்தில் அது இருந்தது. எழுத்து மாறியதால் படிக்க முடியவில்லை என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, கையில் ஏற்கெனவே ஒரு விடை இருந்தது. விடை கையில் இருக்கிறவன் எதற்குச் சுவரைப் படிக்கப் போகிறான்?

அந்தச் சுவரில் பொன்னுக்குக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்ற பழைய எடைகளில் குன்றிமணி வரை கணக்கு இருக்கிறது. 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் உச்சியில் வைக்கக் கொடுத்த செப்புக்குடத்தைச் செம்பு எவ்வளவு, மேலே வேய்ந்த பொன் எவ்வளவு என்று எடை போட்டு எழுதியிருக்கிறான். குன்றிமணிப் பொன்னை விடாதவன் நிழலைப் பற்றி ஒரு வரி வெட்டச் சொல்லவில்லை. அவனுக்கு அந்தப் பெருமை தேவைப்படவில்லை. நமக்கு ஏன் தேவைப்படுகிறது என்று எனக்கு வலிக்கிறது.

---

செங்காட்டான்
ஏப்ரல் 28, இரவு 11.05

ஐயா, சவுக்கடிச் செய்தி எனக்குப் பகிர்வாக வந்தது. எந்தக் கல்வெட்டு என்று நான் தேடவில்லை. மன்னர்களைப் பற்றி நான் ஏற்கெனவே நினைத்திருந்ததோடு அது பொருந்தியது, அவ்வளவுதான். நிழல் கதையை நான் எப்போதுமே நம்பியதில்லை என்பதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போது யோசித்தால், நிழலை நான் போய்ப் பார்த்துவிட்டு மறுக்கவில்லை. சொன்னவர்களைப் பிடிக்காததால் மறுத்தேன். விடை சரியாக அமைந்தது என் நல்ல காலம். கல்வெட்டு பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

---

மட்டுறுத்துநர்
ஏப்ரல் 29, காலை 7.00

கீழடி அறிக்கை தொடர்பான அரசியல் சண்டையாக மாறிய ஆறு பதிவுகள் தனி இழைக்கு மாற்றப்பட்டுள்ளன. இங்கே இழையின் பொருளோடு நில்லுங்கள்.

---

தேன்மொழி
ஏப்ரல் 29, பிற்பகல் 2.20

உளவியல் கற்பிக்கிறவள் என்பதால் இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன். செங்காட்டான் எழுதியதை என் மாணவர்களுக்குப் படித்துக் காட்டப் போகிறேன், அனுமதிப்பார் என்று நம்புகிறேன்.

1960இல் பீட்டர் வேசன் என்பவர் 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்தார். இவை ஒரு விதிப்படி அமைந்தவை, நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லுங்கள், விதிக்குப் பொருந்துகிறதா என்று சொல்கிறேன், விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பெரும்பாலோர் இரண்டிரண்டாகக் கூடும் இரட்டை எண்கள் என்று மனத்தில் முடிவு செய்துகொண்டு 8, 10, 12 என்றார்கள். பொருந்துகிறது என்றார். 20, 22, 24. பொருந்துகிறது. உறுதியாக விதியை அறிவித்தார்கள், தவறு. உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே. 3, 7, 50 என்று ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தங்கள் எண்ணத்தை உடைக்கக்கூடிய எண்களைச் சொல்லிப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் அது வெறும் எண் விளையாட்டு, யாருடைய பெருமையும் அதில் இல்லை.

பற்றும் சேர்ந்துவிட்டால்? 1979இல் ஸ்டான்ஃபோர்டில் மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர்களையும் எதிர்க்கும் மாணவர்களையும் அழைத்து, இரு தரப்புக்கும் ஒரே இரண்டு ஆய்வுகளைக் கொடுத்தார்கள். ஒன்று தண்டனை குற்றத்தைக் குறைக்கிறது என்றது, மற்றது குறைப்பதில்லை என்றது. ஒவ்வொரு தரப்பும் தனக்குச் சாதகமான ஆய்வை நன்றாகச் செய்யப்பட்டது என்றும், பாதகமான ஆய்வில் முறைக் குறைபாடுகள் இருக்கின்றன என்றும் சொன்னது. இறுதியில் இரு தரப்பும் தத்தம் கருத்தில் முன்னைவிட உறுதியாகிவிட்டதாகக் கூறின. பெரியப்பா காப்பிச் செய்தியிடம் கேட்ட கேள்விகள்தான் இவை. கேள்விகளில் பிழையில்லை. யாரிடம் கேட்பது என்பதை அவருடைய விருப்பம் முன்பே தீர்மானித்துவிட்டது.

இது படிக்காதவர்களின் நோய் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1912இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பில்ட்டவுன் என்ற இடத்தில் ஒரு மண்டையோடும் தாடை எலும்பும் கிடைத்ததாகச் சார்லஸ் டாசன் என்பவர் கொண்டுவந்தார். மண்டை மனிதனுடையது, தாடை குரங்கினுடையது போல. அன்றைய ஆங்கிலேய அறிஞர்கள் பலர், முதலில் மூளைதான் பெரிதாகியிருக்கும் என்று நம்பினார்கள். ஜெர்மனியிலும் பிரான்சிலும் ஆதிமனித எலும்புகள் கிடைத்திருந்தன, இங்கிலாந்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. இப்போது கிடைத்துவிட்டது, அதுவும் அவர்கள் எதிர்பார்த்த வடிவிலேயே! சிலர் தொடக்கத்திலேயே ஐயப்பட்டார்கள், எடுபடவில்லை. 1924இல் தென்னாப்பிரிக்காவின் டவுங் என்ற இடத்தில் ஓர் உண்மையான குழந்தை மண்டையோடு கிடைத்தது. சிறிய மூளை, ஆனால் நிமிர்ந்து நடந்ததற்கான அடையாளம். ரேமண்ட் டார்ட் அடுத்த ஆண்டு அதை வெளியிட்டபோது வெறும் குரங்குக் குட்டி என்று ஒதுக்கிவிட்டார்கள். அவர் சொன்னதைப் பரவலாக ஏற்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

1953இல் பில்ட்டவுன் போலி என்று நிறுவினார்கள். தாடை ஒராங்குட்டானுடையது. பல்லை அரத்தால் தேய்த்து, எலும்புக்குச் சாயம் ஏற்றியிருந்தார்கள். அரம் போட்ட கீறல்கள் 41 ஆண்டுகளாக அந்தப் பல்லில்தான் இருந்தன. பார்க்க வேண்டும் என்று பார்த்தபோது தெரிந்தன. மேற்குப் பக்கத்தில் நின்ற அந்த முப்பது பேரை நினைத்துக்கொண்டேன்.

---

வடவாறு
ஏப்ரல் 29, மாலை 6.10

இதையெல்லாம் சொல்லி என்ன பயன்? மறுத்துப் பேசினால் மக்கள் தங்கள் நம்பிக்கையில் இன்னும் பிடிவாதமாகிவிடுவார்கள் என்று ஆய்வே இருக்கிறது. படித்திருக்கிறேன். பெரியப்பாவை விட்டுவிடுங்கள், அவர் நிம்மதியாக இருக்கட்டும்.

---

தேன்மொழி
ஏப்ரல் 29, இரவு 8.45

வடவாறு அவர்களே, நீங்கள் சொல்லும் ஆய்வு 2010இல் வந்தது. ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவில்லை என்ற திருத்தத்தைப் படித்த பிறகு சிலருடைய தவறான நம்பிக்கை வலுத்தது என்று அதில் இருந்தது. உலகம் முழுவதும் பரவியது. நானும் வகுப்பில் ஆண்டுக்கணக்கில் சொன்னேன். பின்னர் வேறு இருவர் 52 பொருள்களில் 10,000க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். அந்த எதிர்விளைவை ஏறத்தாழக் காண முடியவில்லை. திருத்தம் சொன்னால் பெரும்பாலோர் சிறிதளவாவது உண்மைப் பக்கம் நகர்ந்தார்கள்.

முதல் ஆய்வை நான் ஏன் அவ்வளவு எளிதாக ஏற்றேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். என் உறவினர்களிடம் வாதாடிக் களைத்துப் போன காலம் அது. சொல்லியும் பயனில்லை என்று அறிவியலே சொல்லிவிட்டால் நான் பேசாமல் இருக்கலாம் அல்லவா? எனக்கு அப்போது அது தேவைப்பட்டது. உங்களுக்கும் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது, ஆனால் எனக்கு அப்படித்தான்.

---

மூவேந்தவேளான்
மே 1, இரவு 10.30

மூன்று நாட்களாகப் படிக்கிறேன், பதில் எழுதவில்லை. படியெடுப்பவன் ஐயா எழுதியதை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன்.

எனக்கு நிழல் கதையைச் சொன்னவர் என் அப்பா. எனக்கு எட்டு வயதிருக்கும். கூட்டத்தில் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு விமானத்தைக் காட்டி, "இதன் நிழல் கீழே விழாதடா, நம் ஆட்கள் கட்டியது" என்றார். அவர் ஆலைத் தொழிலாளி, மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அந்த ஒருநாள் அவர் குரலில் இருந்த நிமிர்வை நான் பிறகு அதிகம் கேட்டதில்லை. இப்போது அவர் இல்லை. நிழல் விழுகிறது என்று நீங்கள் எழுதியபோது என் காதில் விழுந்தது, உன் அப்பா பொய்யர் என்பதுதான். கணக்கைப் படித்தேன், புரிந்தது, சரியென்றும் தெரிந்தது. அப்படியும் கை தானாகக் கீழடியைப் பற்றித் தட்டச்சு செய்தது.

அளவுகோல் அவர்கள் எழுதிய ஒரு வரிக்காக அவருக்கு நன்றி. கோடையில் நண்பகலில் பார்த்தவர் பொய் சொல்லவில்லை என்றாரே, அது. நாங்கள் போனது முழுப்பரீட்சை லீவில். மணி என்ன என்று எனக்கு நினைவில்லை.

---

அளவுகோல்
மே 1, இரவு 10.52

ஐயா, லீவில் போனீர்கள் என்றால் நண்பகலாக இருந்திருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. வெயிலைப் பொருட்படுத்தாமல் மகனைத் தோளில் தூக்கியிருக்கிறார்.

---

படியெடுப்பவன்
மே 2, காலை 5.40

தம்பி, அடுத்த முறை தஞ்சாவூர் வரும்போது சொல்லி அனுப்புங்கள். தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் இருக்கும் சுவரைக் காட்டுகிறேன். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். உங்கள் அப்பா சொன்னதில் "நம் ஆட்கள் கட்டியது" என்ற பகுதிக்கு அங்கே பெயர் பெயராகச் சான்று இருக்கிறது.

---

வெண்ணாற்றங்கரை
மே 5, இரவு 9.15

மூவேந்தவேளான் அவர்களின் பதிவைப் படித்த பிறகு, பெரியப்பாவுக்கு இனிப் படம் எதுவும் அனுப்புவதில்லை என்று முடிவு செய்தேன். நேற்று காலை நேரில் போய், "கோயிலுக்குப் போகலாம், வருகிறீர்களா பெரியப்பா?" என்று மட்டும் கேட்டேன். அண்ணன் பிள்ளைகளும் வந்தார்கள். நிழலைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன்.

ஒன்பதரை மணி. தளம் சுடத் தொடங்கியதும் பெரியப்பாவே முதல் ஆளாக மேற்குப் பக்கம் நடந்தார். நிழலில் போய் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குனிந்து பார்த்தார். நிழலின் ஓரம் கல்லில் கோடு போட்டது போல இருந்தது. அந்த ஓரம் வரை நடந்து போய்த் திரும்பி, விமானத்தை அண்ணாந்து பார்த்தார். நான் எதுவும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. ஒரு பத்து நிமிடம் அப்படியே போயிற்று.

அதன் பிறகு அவர் கேட்டது, "நீ எழுதிக்கொண்டிருக்கிறாயே, அந்தக் கல்வெட்டு எங்கே இருக்கிறது?" என்று. இந்த இழையை அண்ணன் அவருக்குக் காட்டியிருக்கிறான் போலும். எனக்கும் கல்வெட்டு படிக்கத் தெரியாது. படியெடுப்பவன் ஐயா சொன்னபடி அடித்தளத்தைச் சுற்றி வந்தோம். பெரியப்பா விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக்கொண்டே நடந்தார். "ரா" மாதிரி இருந்த ஒன்றைக் கண்டுபிடித்து என் அண்ணன் மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அது "ரா"தானா என்று எனக்கு உறுதியில்லை.

குடும்பக் குழுவில் அவர் தன் பழைய பதிவுகளை நீக்கவில்லை. அதைப் பற்றி எதுவும் எழுதவும் இல்லை. இன்று காலை தொலைபேசியில் அழைத்து, அந்தக் கல்வெட்டு ஐயா எந்தக் கிழமைகளில் கோயிலுக்கு வருவார் என்று கேட்டார். ஐயா, என்ன பதில் சொல்லட்டும்?